எட்டு நிமிடத்தில் இரண்டு கடல்: ஆக்சுவரி தகுதிக்கான ஒரு குறும் உரை தயாரான விதம்

பின்னணி

தேர்வர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடலோரக் கிராமத்தைச் சேர்ந்த பெண். வயது முப்பதுக்குள். சென்னையில் உள்ள ஒரு காப்பீட்டு ஆலோசனை நிறுவனத்துக்கு ஊரிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். காப்பீட்டில் ஆபத்தையும் விலையையும் கணக்கிடுபவர்களை ஆக்சுவரி என்பார்கள். அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் நடத்தும் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்து, ஏஎஸ்ஏ (அசோசியேட்) தகுதி பெற்று, எஃப்எஸ்ஏ (ஃபெலோ) பட்டத்துக்கு ஒரே ஒரு படி பாக்கி என்ற நிலையில் இருந்தார். அந்தக் கடைசிப் படியின் பெயர் ஃபெலோஷிப் அட்மிஷன்ஸ் கோர்ஸ். தொழில் நெறி, வணிகச் சிக்கல்கள் பற்றிய குழு விவாதங்களோடு, ஒவ்வொருவரும் ஒரு குறும் உரையை வாயால் நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்பதும் அதன் பகுதி. உரை ஆங்கிலத்தில்.

நம் ஊரில் ஆக்சுவரி படிப்பவர்களில் பலரும் இந்திய ஐஏஐ அல்லது பிரிட்டனின் ஐஎஃப்ஓஏ என்ற ஆக்சுவரி அமைப்புகளின் வழியில் போகிறவர்கள். அங்கே 2019 பாடத்திட்டத்தில் வந்த சிபி3 தாள் தொடர்புத் திறனைச் சோதிப்பதுதான், ஆனால் அது எழுத்துத் தேர்வு. எழுதியதைத் திருத்தலாம், அடிக்கலாம், பக்கத்தைப் புரட்டி மறுபடி படிக்கலாம். பேச்சில் கேட்பவருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. பத்தாண்டு கணக்குத் தேர்வுகளைக் கடந்து வந்தவர்கள் இந்தச் சின்ன உரையில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

தேர்வர் 8 நிமிடம் என்று வைத்துத் தயாரித்தார். நேர வரம்பு, படவில்லைகளின் (ஸ்லைடுகளின்) எண்ணிக்கை போன்றவை மாறக்கூடியவை. சேரும் அமர்வுக்கு வரும் அறிவுறுத்தலைத்தான் நம்ப வேண்டும். அவருடைய அமர்வு இணையவழி. உதவிக்கு மூன்று பேர்: அலுவலகத்தில் மூத்த ஆக்சுவரி ஒருவர் (இனி, வழிகாட்டி), ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், தேர்வரின் சின்னம்மா. சின்னம்மா வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், கடற்பாசி வளர்ப்பவர்.

முதல் தலைப்பும் அதைக் கைவிட்டதும்

முதலில் எடுத்தது அலுவலக வேலையிலிருந்து ஒரு தலைப்பு. ஆயுள் பாலிசிகளைப் பாதியில் விட்டுவிடுபவர்களின் விகிதம் மாறும்போது நிறுவனம் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகை எப்படி மாறும் என்பது. தேர்வருக்கு அது மனப்பாடம். வழிகாட்டி இரண்டு காரணம் சொல்லி வேண்டாம் என்றார்.

ஒன்று, ரகசியம். வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று ஆக்சுவரிகளின் நடத்தை நெறி சொல்கிறது. பெயரை மறைத்தாலும், எண்களின் அளவும் பாலிசியின் தன்மையும் தெரிந்தால் அதே துறையில் இருப்பவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். உரையைக் கேட்கப்போவதே அதே துறைக்காரர்கள்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். "இதைக் கேட்டு முடித்தவர் எதை முடிவு செய்யணும்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்க" என்று வழிகாட்டி கேட்டபோது தேர்வரிடம் பதில் இல்லை. அந்தத் தலைப்பில் விளக்கம் இருந்தது, முடிவு இல்லை. விளக்கம் மட்டுமே உள்ள உரைக்கு நிறுத்த வேண்டிய இடம் தெரியாது. நேரம் தீர்ந்த இடத்தில் அறுந்துபோகும்.

பிறகு தேர்ந்த தலைப்பு, பாசி வளர்ப்பு மிதவைகளுக்கான பாராமெட்ரிக் காப்பீடு. சேதத்தை நேரில் பார்த்து அளந்து பணம் கொடுப்பது வழக்கமான காப்பீடு. பாராமெட்ரிக் முறையில் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஓர் அளவை, இங்கே காற்றின் வேகத்தை, வானிலை நிலையம் பதிவு செய்தால் அன்றே தொகை உறுதி. கேட்பவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழு என்று கற்பனையாக வைத்துக்கொண்டார். அவர்கள் முடிவு செய்ய வேண்டியது: இரண்டு வகைத் திட்டங்களில் எதை விற்பது? முடிவு கிடைத்ததும் தலைப்பு உறுதியானது. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகத் தேர்வரே உருவாக்கியவை. உரையிலும் படவில்லையிலும் அப்படியே சொல்லப்பட்டது.

முதல் வரைவில் கண்டவை

முதல் வரைவு 1,640 ஆங்கிலச் சொற்கள், 14 படவில்லைகள். வாசித்துப் பார்த்ததில் 12 நிமிடத்தைத் தாண்டியது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தின் பணி, கப்பாஃபைகஸ் ஆல்வரேசி என்ற பாசி இனம் இங்கே வந்த கதை, அதிலிருந்து எடுக்கும் கேராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று முதல் 4 நிமிடம் போயிற்று. ஒவ்வொன்றும் சொல்லத் தகுந்த செய்திதான். ஆனால் எந்தத் திட்டத்தை விற்பது என்ற கேள்விக்கு அவற்றில் ஒன்றும் உதவவில்லை.

மிஞ்ச வேண்டியது இவ்வளவுதான் என்று முடிவாயிற்று: 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிக் கடலில் விடுவார்கள். 45 நாளில் அது 200 கிலோவுக்கு மேல் வளரும். நடுவில் பெருங்காற்று வந்தால் மிதவையும் போகும், பாசியும் போகும், அடுத்த சுற்றுக்கான விதையும் போகும். மூன்றாவது இழப்புதான் வெளியாருக்குத் தெரியாதது. அதனால் அதை மட்டும் அழுத்திச் சொல்லலாம் என்று ஆசிரியர் சொன்னார்.

இன்னொரு கோளாறு நடை. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பேச முயன்றதால் வாக்கியம் எல்லாம் அறிக்கை வாக்கியமாக இருந்தது. ஒரு வாக்கியத்தில் மூன்று நிபந்தனை, நடுவில் ஒரு விலக்கு. கண்ணால் படித்தால் புரியும், காதால் கேட்டால் பாதியில் நழுவிவிடும்.

தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்தது

இங்கே எடுத்த முடிவு, எங்கள் பார்வையில், இந்த நிகழ்விலேயே அதிகம் பலன் தந்தது. படவில்லையும் காகிதமும் இல்லாமல், பாசி கட்டும் பெண்களிடம் தமிழில் சொல்லிப் பார்க்கும்படி வழிகாட்டி சொன்னார். நோக்கம், வாக்கியங்களை எளிமையாக்குவது மட்டும்தான்.

காலையில், கரையோர நிழலில் நாலைந்து பேர் உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசியை முடிந்துகொண்டிருந்தார்கள். பாம்பன் வானிலை நிலையத்தில் காற்று மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டால் மிதவைக்கு 3,000 ரூபாய் வரும் என்று தேர்வர் விளக்கினார். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா சொன்னது: "ஏத்தா, காத்து எம்புட்டு அடிச்சா காசு வரும்னு சொல்ற. எங்கிட்டு இருந்து அடிச்சதுன்னு கேக்கவே இல்லயே? கச்சானுக்கு வடகடல் கொளம் மாதிரி கெடக்கும். மெதவைய அத்துக்கிட்டுப் போறது வாடைதான்."

மண்டபம் முனை ஒரு ஒல்லியான நிலத்துண்டு. வடக்கே பாக் விரிகுடா, ஊர்ப்பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். அதே காற்று வடகடலுக்கு நிலத்தைத் தாண்டி வருவதால், கரையோரத்தில் அலை எழுவதற்குத் தண்ணீர்ப் பரப்பு போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். மிதவைகளில் பெரும்பகுதி இருப்பது வடகடலில். ஆக, வேகத்தை மட்டும் பார்க்கும் திட்டம் கச்சானுக்குச் சேதமே இல்லாமல் பணம் கொடுக்கும். 50 கிலோமீட்டரில் வரும் வாடைக்கு மிதவை போனாலும் பணம் கொடுக்காது. துறையில் இதை பேசிஸ் ரிஸ்க் என்பார்கள்: சேதமும் தொகையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகிற ஆபத்து.

தேர்வர் அந்த ஊரிலேயே பிறந்தவர், இதெல்லாம் தெரிந்தவர். ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தபோது நிலையத்தின் வேகப் பதிவு என்ற ஒரே எண் வரிசையை மட்டும் எடுத்திருந்தார். அந்தக் காலையில் தலைப்பின் உள்ளடக்கமே மாறிற்று. இரண்டு திட்டங்கள் தெளிவாகப் பிரிந்தன.

திட்டம் ஏ: எந்தத் திசையானாலும் மணிக்கு 55 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட 20 ஆண்டில் 3 ஆண்டுகள் இந்த அளவைத் தொடுகின்றன. 3,000 ரூபாயில் இருபதில் மூன்று பங்கு 450. பிரீமியத்தில் கால் பங்கு செலவுக்கும் பாதுகாப்புக்கும் என்று வைத்தால், விற்கும் விலை 600 ரூபாய். அந்த 3 ஆண்டுகளில் ஒன்று கச்சான் காற்று. மிதவைக்குச் சேதம் இல்லை.

திட்டம் பி: வடக்குக்கும் கிழக்குக்கும் இடையிலிருந்து வரும் காற்று மட்டும், ஆனால் 45 கிலோமீட்டரே போதும். 20 ஆண்டில் 4 ஆண்டுகள். எதிர்பார்க்கும் தொகை 600, விற்கும் விலை 800 ரூபாய். நாலும் மிதவை போன ஆண்டுகள்.

உரையின் முதுகெலும்பு இதுவாயிற்று. ஏ திட்டம் சேதம் நடந்த நாலு ஆண்டுகளில் இரண்டில்தான் பணம் கொடுக்கும். பி நாலிலும் கொடுக்கும். விலை வித்தியாசம் 200 ரூபாய். இயக்குநர் குழு பி-யை விற்க வேண்டும் என்பது பரிந்துரை.

ஒரு எச்சரிக்கை. தமிழில் சொன்ன வரிசையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது அடுத்த சிக்கல் வந்தது. நாம் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது காரணங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் முடிவுக்கு வருவது வழக்கம். முடிவெடுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒத்துவராது. தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்று தெரியாமல் 6 நிமிடம் காத்திருப்பார். ஆகவே பரிந்துரை முதல் 40 வினாடிக்குள் வந்தாக வேண்டும் என்று வரிசை மாற்றப்பட்டது.

எண்களைக் காதுக்கு ஏற்ப மாற்றியது

ஆங்கில ஒத்திகையை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார். முகம் தெரியாமல், குரலை மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக அவரே தேர்ந்த முறை. கேட்டு முடித்ததும் அவர் குறித்து வைத்திருந்த எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். 15 சதவீதத்தை அவர் 50 என்று எழுதியிருந்தார்.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டுக்கும் வித்தியாசம் அழுத்தம் விழும் இடத்திலும் கடைசி ஒலியிலும் இருக்கிறது. நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசுகிறவர்கள். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். உச்சரிப்பைத் திருத்த நேரம் செலவழிப்பதைவிட அந்த எண்ணையே எடுத்துவிடுவது நல்லது என்று முடிவானது. 15 சதவீதம் என்பது "இருபது ஆண்டில் மூன்று" ஆயிற்று. அதற்கேற்பப் படவில்லையில் 20 கட்டங்களை ஒரே வரிசையில் போட்டு, பணம் கிடைக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் நிறம் கொடுத்தார். ஏ-க்கு ஒரு வரிசை, அதன் கீழே பி-க்கு ஒரு வரிசை, மிதவை போன ஆண்டுகளுக்கு மேலே ஒரு புள்ளி. பட்டை வரைபடம், சதவீத அச்சு எதுவும் இல்லை. நிறமும் புள்ளியும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே பேசிஸ் ரிஸ்க் என்னவென்று தெரிந்துவிடும்.

அளவைகளிலும் வேலை இருந்தது. நம் வானிலை அறிவிப்புகளில் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) அளவும் கிலோமீட்டரும் வரும். கேட்பவர்களில் அமெரிக்கர்கள் மைல் கணக்கில் நினைப்பவர்கள். முதலில் மூன்றையும் சொன்னார்: 55 கிலோமீட்டர், 30 நாட், 34 மைல். ஒரே காற்றுக்கு மூன்று எண் கேட்டவருக்கு ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. பேச்சில் மைல் மட்டும், படவில்லையின் ஓரத்தில் கிலோமீட்டர் என்று வைத்தார். பணத்துக்கு இதன் எதிர்த்திசை. ஒவ்வொரு ரூபாய்த் தொகைக்கும் டாலர் சொன்னால் எண்கள் இரட்டிப்பாகின்றன. அதனால் "3,000 ரூபாய் என்பது போன மிதவையை மறுபடி கடலில் விட ஆகும் செலவு" என்று ஒரே முறை சொல்லிவிட்டு, பிறகு ரூபாயிலேயே பேசினார். லட்சம், கோடி எங்கும் வரவில்லை. வந்திருந்தால் மில்லியனுக்கு மாற்ற வேண்டியிருக்கும், பேசும் வேகத்தில் அது தடுக்கும்.

உரை முழுவதிலும் கேட்பவர் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் நாலு என்று வரையறுத்தார்கள்: 3,000, 600, 800, இருபதில் நாலு. மற்றவை வரலாம், ஆனால் அவற்றை மறந்தால் முடிவு மாறக் கூடாது.

நேரப் பங்கீடும் வெட்டியதும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் கேட்கும் கூட்டத்தில் நிமிடத்துக்கு 120 சொல் என்பது வசதியான வேகம். தேர்வரின் இயல்பான வேகம் 135. 850 சொல் என்று வரம்பு வைத்து, 8 நிமிட உரையை ஏழரை நிமிடத்துக்குத் தயாரித்தார். தொடக்கமும் பரிந்துரையும் 40 வினாடி, மிதவையும் இழப்பும் 1 நிமிடம் 10 வினாடி, இரண்டு கடல் ஒன்றரை நிமிடம், ஏ–பி ஒப்பீடு 2 நிமிடம் 20 வினாடி, வரம்புகள் 1 நிமிடம் 10 வினாடி, முடிப்பு 40 வினாடி. படவில்லைகள் 14-லிருந்து 5 ஆயின.

வெட்டும்போது தேர்வர் முதலில் எடுத்தது வரம்புகள் பகுதியை. பரிந்துரையைப் பலவீனமாக்குகிறது என்று அவருக்குத் தோன்றியது. வழிகாட்டி அதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார், இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அமெரிக்க ஆக்சுவரிகளுக்கான 41-ஆம் நடைமுறைத் தரம் தொடர்புகளைப் பற்றியது. யாருக்காகச் சொல்கிறோமோ அவருக்கு ஏற்ற வடிவத்தில், தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். தெளிவு என்பதில் எது தெரியாது என்று சொல்வதும் அடங்கும். காற்றால் வரும் இழப்பு மட்டுமே இந்தத் திட்டத்தில் அடங்கும். ஐஸ்-ஐஸ் நோயில் பாசி வெளுத்து உதிர்ந்தாலும், மீன் மேய்ந்தாலும், வெயிலில் கடல் சூடேறிப் பாசி அழுகினாலும் பணம் வராது. இதைச் சொல்லாமல் விற்றால் முதல் நோய் ஆண்டிலேயே ஊர் நம்பிக்கை இழக்கும். அந்த இழப்பு நிறுவனத்தின் இழப்பும்தான். அப்படிச் சொன்னபோது வரம்புகள் பகுதி பரிந்துரைக்கே பலமாக நின்றது.

மனப்பாடம் செய்வதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. முழுவதும் மனப்பாடம் செய்த ஒத்திகையில் ஒரு சொல் மறந்ததும் அடுத்த 20 வினாடி நின்றுபோயிற்று. திரையில் வைத்துப் படித்த ஒத்திகையில் கண் இடமும் வலமும் ஓடுவது பதிவில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் ஒவ்வொரு படவில்லைக்கும் ஒரு அட்டையில் மூன்று சொல். அட்டைகளை கேமராவுக்கு நேர் கீழே ஒட்டினார். லேப்டாப் கேமரா கண் மட்டத்துக்கு வர அடியில் பழைய தேர்வுப் புத்தகங்கள்.

அறை, மின்சாரம், சத்தம்

இந்தக் கடலோரத்தில் இணையவழி உரைக்கு இது தனி வேலை. தயாரிப்பு நடந்தது மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களுக்குள். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஊர் அமைதியாக இருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். படகுகளைப் பழுது பார்ப்பதே அப்போதுதான். பகல் முழுவதும் சுத்தியலும் வெல்டிங்கும். அமர்வு சிகாகோவில் காலை 8 மணி, இங்கே மாலை ஆறரை. தேர்வரின் முறை இரவில் வரும் என்பதால் பட்டறைச் சத்தம் பிரச்சினை இல்லை. பிரச்சினை கச்சான். தெற்கு ஜன்னல் அடைத்திருந்தாலும் தகரக் கூரை அடித்துக்கொண்டது. வீட்டின் வடபுற அறைக்கு மாறி, சுவரில் கனமான போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, கம்பியுள்ள இயர்போன் மைக் வைத்ததும் பதிவு சுத்தமாயிற்று.

மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உடனே எடுத்துக்கொண்டாலும், மாறும் அந்தக் கணத்தில் வைஃபை ரூட்டர் அணைந்து மறுபடி உயிர்பெற இரண்டு நிமிடம் ஆனது. 8 நிமிட உரையில் இரண்டு நிமிடம் போனால் உரை போன மாதிரிதான். இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினால் மாறும் நேரம் குறையும். ஆனால் அந்த நிலையில் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். இரவில் அழுத்தம் குறையும் ஊரில் பேட்டரி வேகமாகத் தீரும். அதனால் ரூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கி வைத்தார். செல்போன் ஹாட்ஸ்பாட், வேறு நிறுவனத்தின் சிம்மில், தயாராக இருந்தது. லேப்டாப்பை ஒரு முறை அதோடு இணைத்துக் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பது முக்கியம். நெருக்கடியில் தட்டிக்கொண்டிருக்க முடியாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டதில் அமர்வு நாட்களோடு மோதவில்லை என்று தெரிந்தது.

உரை நாளும் விளைவும்

உரை 7 நிமிடம் 35 வினாடியில் முடிந்தது. நடுவில் ஒரு முறை மின்சாரம் போய் விளக்கு மட்டும் இமைத்தது, இணைப்பு அறுபடவில்லை. இரண்டு கடல் படவில்லையில் தேர்வர் திட்டமிட்டதைவிட மெதுவாகப் பேசினார். ஒப்பீட்டில் அந்த நேரத்தை மீட்டுக்கொண்டார். 20 கட்டங்கள் திரையில் வந்ததும் ஐந்து வினாடி பேசாமல் இருந்தார். அது ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது: படத்தைப் பார்க்க ஆளுக்கு நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு பேச வேண்டும்.

முடிந்ததும் சக தேர்வர் ஒருவர் கேட்டார்: விலை நிர்ணயிக்க 20 ஆண்டுப் பதிவு போதுமா? தேர்வருக்குக் கணக்கு தெரியும். இருபதில் நாலு என்ற மதிப்பீட்டின் திட்டப் பிழை (ஸ்டாண்டர்ட் எரர்) ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளி. ஒரு திட்டப் பிழை அளவு தள்ளிப் பார்த்தாலே உண்மையான வாய்ப்பு 11-க்கும் 29-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்கு வெளியேயும் இருக்கலாம். அதை விளக்கப்போய் இரண்டு நிமிடம் ஓடியது, கேட்டவர் பாதியிலேயே தலையசைக்க ஆரம்பித்துவிட்டார். உரையில் அவ்வளவு கவனமாகத் தவிர்த்த சதவீதங்கள் எல்லாம் பதிலில் திரும்பி வந்தன.

உரைப் பகுதி ஏற்கப்பட்டது. மற்ற பகுதிகளும் நிறைவேறி, தேர்வர் எஃப்எஸ்ஏ ஆனார். மதிப்பிட்டவரின் கருத்தில் தொடக்கத்திலேயே பரிந்துரை வந்ததும், வரம்புகளை மறைக்காததும் குறிப்பிடப்பட்டன. கேள்விக்கான பதில் நீண்டது என்பதும் இருந்தது. உள்ளூரில் அந்தத் திட்டம் விற்கப்படுகிறதா என்று கேட்பவர்களுக்கு: இது பயிற்சிக்காக உருவாக்கிய உதாரணம், அப்படி ஒரு பாலிசி இங்கே விற்பனைக்கு வரவில்லை. சின்னம்மா அதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

ஊர்ப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தது நல்ல பலன் தந்தது, ஆனால் தாமதமாக நடந்தது. வரைவு எழுதிய பிறகு நடந்ததால் பாதி வரைவைக் கிழிக்க வேண்டியிருந்தது. தலைப்பு முடிவானதுமே, ஒரு சொல் எழுதும் முன், அந்தத் தொழிலில் கை வைத்திருப்பவரிடம் வாயால் சொல்லிப் பார்ப்பது முதல் படியாக இருக்க வேண்டும். நெல், உப்பு, பனை, இறால் பண்ணை எதுவானாலும் இது பொருந்தும். வரைவு பிறகு.

ஒத்திகையை உரை நடக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். தேர்வர் பெரும்பாலும் காலையில் பழகினார். இரவு பத்து மணிக்கு, மூன்று மணி நேரம் குழு விவாதம் நடந்த பிறகு, குரல் வேறாக இருக்கிறது, வேகம் கூடுகிறது.

பெரிய மாற்றம் கேள்விகளில். உரைக்குக் கொடுத்த உழைப்பில் கால் பங்கையாவது கேள்விகளுக்குக் கொடுக்க வேண்டும். எதிர்பார்க்கும் கேள்விகள் ஆறு ஏழு எழுதி, ஒவ்வொன்றுக்கும் 30 வினாடிக்குள் பதில், முதல் சொல் ஆமா, இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்று. 20 ஆண்டு போதுமா என்ற கேள்விக்குப் பின்னர் அவரும் வழிகாட்டியும் சேர்ந்து எழுதிய பதில் இது: "இல்லை, போதாது. இன்னும் ஒரே ஒரு மோசமான ஆண்டு அந்தப் பதிவில் இருந்திருந்தால் விலை 800 அல்ல, 1,000 ரூபாய். அதனால் முதல் மூன்று ஆண்டு விலையை ஆண்டுதோறும் திருத்தும் உரிமையோடு விற்கச் சொல்கிறேன்." இருபதில் ஐந்து, 3,000-இல் 750, பிரீமியத்தில் கால் பங்கு செலவுக்கும் பாதுகாப்புக்கும் என்று வைத்தால் 1,000. கணக்கு அதேதான். சொல்லி முடிக்க 15 வினாடி.